மாடிக்காரரின் கயிறு

என் அக்கா வீட்டுக்காரரை யார்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிக்காரர் என்பார்கள். காலையில் ஏணியில் ஏறிக் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தால் வேலை முடிந்துதான் தரையில் கால் வைப்பார். யாராவது அவரைத் தேடி வந்தால் கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டுகிற கொக்கிக்காரர் கையை மேலே காட்டி, "ஐயா மாடியில இருக்காரு, மனு இருந்தா வாளியில போடுங்க" என்பார்.

வாளியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யார்டு என்பது இரும்புத் தகடு வந்து இறங்கும் இடம். தகட்டைப் பாய் போலச் சுருட்டியிருப்பார்கள், ஒவ்வொரு சுருளும் ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும். காயில் என்று சொல்வார்கள். நீளமான திறந்தவெளி. இரண்டு பக்கமும் தண்டவாளம், அதன்மேல் கால் ஊன்றி நகரும் கிரேன். மூன்று மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. கூண்டின் தரையிலும் பாதி கண்ணாடிதான். மாமா முழங்காலுக்கு நடுவே குனிந்து பார்த்தால் லாரியும் ஆளும் காயிலும் தெரியும். கிரேனின் ஒரு கால் பெரும்பாலும் வந்து நிற்கும் இடத்தருகே சின்ன கேண்டீன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு அங்கே டீ போடும் வேலையை வாங்கிக் கொடுத்ததே மாமாதான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் அவர் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். பேசாதவள் பார்த்துக்கொண்டாவது இருப்பாள் அல்லவா. கேண்டீன் ஜன்னலிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அவருடைய செருப்பின் அடிப்பாகம் கண்ணாடி வழியே தெரியும். பல வருஷம் நான் பார்த்தது அதைத்தான்.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மரக்கட்டை மேல் காயிலை வைக்கும்போது கட்டை முனகுகிற சத்தம்கூட வராது. தொங்குகிற சுமை ஆடக்கூடாது என்பது அவருக்கு மானப் பிரச்சினை. வேறு யாருடைய கிரேனிலாவது சுமை ஆடினால், "ஊஞ்சல் கட்டி விளையாடறான் பாரு" என்று போனில் என்னிடம் சொல்வார். நான் "ம்" என்பேன்.

ஆனால் உடம்பு இரண்டு ஆளுடையதாக இருந்தது. மேல்பாதியில் கைகள் தடித்து, தொப்பை லீவரைத் தொட்டது. கீழ்பாதியில் கால்கள் குச்சி. அக்கா அவருடைய பேன்ட்டை இடுப்பில் பிரித்துத் தொடையில் பிடித்துத் தைப்பாள். ஏணியின் கீழ்ப்படி வரை பைக்கில் வருவார். வீட்டுக்குப் போனால் சோபா. "நாள் பூரா உழைச்சிட்டு வந்திருக்கேன்" என்பார். யாரும் மறுத்துப் பேச முடியாது. முகம் அப்படித்தான் வாடியிருக்கும். உட்கார்ந்தே கிடக்கிற உடம்பும் அசந்துபோகும் என்பது எங்களுக்குத் தெரியாது. அசதியைப் பார்த்து, உழைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

இப்போது வாளி. ஒரு முறை அவருக்கு முழங்கால் வலித்தது. அதற்கு முன்னால் டீக்கு, சாப்பாட்டுக்கு, கழிப்பறைக்கு என்று அவரும் மற்றவர்களைப் போல ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார். கொக்கிக்காரர் பாசத்தில் ஒரு யோசனை செய்தார். கூண்டுக்கு வெளியே சின்ன கப்பி ஒன்றை மாட்டி, நைலான் கயிற்றில் பிளாஸ்டிக் வாளியைக் கட்டித் தொங்கவிட்டார். கயிற்றின் கீழ்முனையில் ஒரு மணி. ஒரு இழுப்பு என்றால் டீ. இரண்டு இழுப்பு என்றால் தண்ணீர். மூன்று என்றால் சாப்பாடு அனுப்பு. முழங்கால் வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. கயிறு மட்டும் போகவில்லை. மேனேஜருக்கும் பிடித்துவிட்டது. ஆள் இறங்காவிட்டால் கிரேன் நிற்காதே. கூல்டிரிங்க் போனது, பிஸ்கட் போனது, போன் சார்ஜர் போனது. எல்லாவற்றையும் கட்டி அனுப்பியவள் நான்தான்.

மேலே கழிப்பறை கிடையாது. அதற்கும் ஒரு பாட்டில் வைத்திருந்தார். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டால் கதை இல்லை. மாலையில் இறங்கும்போது கேண்டீன் சுவருக்குப் பின்னால் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போவார். ஒரு நாள் காலையில் பாத்திரம் கழுவப் போனபோது அந்தச் சாக்கடை விளிம்பில் எறும்பு மொய்த்திருந்தது. டீத்தூள் கொட்டும் இடத்தில் இல்லை. பால் கவரைக் கழுவும் இடத்தில் இல்லை. அங்கே மட்டும். தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் அங்கேயே மொய்த்தது. அந்த வாரம் மணியில் இரண்டு இழுப்பு ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு தண்ணீர் அனுப்பினாலும் போதவில்லை.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வாசலிலிருந்து மாமாவின் பழைய செருப்பு ஒன்றை எடுத்துக் காட்டினாள். குதிகால் இடத்தில் காய்ந்த ரத்தம். "செருப்புல ஆணி கிளம்பியிருந்துச்சு. எத்தனை நாளா குத்துச்சுன்னு அவருக்கே தெரியல. வலிக்கவே இல்லன்றாரு" என்றாள்.

டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். சர்க்கரையும் இருந்தது, ரத்த அழுத்தமும் இருந்தது. டாக்டர் அம்மா என்ன வேலை என்று கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்தி, கிரேன் ஓட்டுகிறேன் என்றார்.

"ஓட்டும்போது கால் என்ன பண்ணும்?"

மாமா யோசித்தார். "கால் சும்மா இருக்கும். ஒரு பெடல் இருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். கால் தசை வேலை செய்தால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் வாங்க ஆளில்லாமல் அது ரத்தத்திலேயே சுற்றும். சுற்றிச் சுற்றி ரத்தக் குழாயை, நரம்பை, இதயத்தை அரிக்கும். மாத்திரை கொடுக்கிறேன், ஆனால் அடிக்கடி எழுந்து நடக்காவிட்டால் மாத்திரை ஒற்றை ஆளாக எவ்வளவுதான் செய்யும் என்றார். கடைசியில் சொன்னதை அக்காவைப் பார்த்துச் சொன்னார். குதிகாலில் குத்தியது தெரியாதவருக்கு நெஞ்சில் வலிப்பதும் தெரியாமல் போகலாம். திடீரென்று வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், தாடை இழுத்துப் பிடித்தால் காத்திருக்காதீர்கள். வலி வரட்டும் என்று பார்க்காதீர்கள்.

வெளியே வந்ததும் மாமா சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "யார்டுல ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது. ரேடியோ, உனக்குத்தான் சொல்றேன்" என்றார்.

அவர் பயத்துக்குக் காரணம் கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அங்கே காவலுக்கு நிற்கிற அண்ணன் முன்பு யார்டின் அடுத்த கிரேனை ஓட்டியவர். போன வருஷ உடல் பரிசோதனையில் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். மேலே மயங்கி விழுந்தால் கீழே நிற்பவன் தலையில் காயில் விழும் என்று இறக்கிவிட்டார்கள். இப்போது கையில் தடியோடு காம்பவுண்டைச் சுற்றி வருகிறார், லாரிகளை விடுகிறார். மாமா அவரைப் பார்க்கும்போதெல்லாம், "ராஜா மாதிரி உக்காந்திருந்தவன். இப்ப நாய் விரட்டறான்" என்று பரிதாபப்படுவார். அந்த இடத்தில் தான் நிற்பதை நினைத்துக்கூடப் பார்க்க அவரால் முடியவில்லை. அடுத்த பரிசோதனைக்குச் சில வாரங்களே இருந்தன.

முதலில் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். மதியம் இறங்கி வந்து கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டார், யார்டின் கோடி வரை நடந்துவிட்டு ஏறினார். ஏறும்போது மூச்சு வாங்கியது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மேனேஜர் கேண்டீன் வாசலில் வந்து நின்றார். வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. "என்ன சார், கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி இறங்கி வர்றீங்க? பந்தி முடிஞ்சிருச்சுன்னா மேல போலாமா?" என்றார். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். மறுநாள் மதியம் மணி மூன்று முறை அடித்தது.

டீயில் சர்க்கரை போடாமல் அனுப்பினேன். வாளி அப்படியே திரும்பி வந்தது. போனில், "டீயும் உன்னை மாதிரியே இருக்கு, ரேடியோ. ஒண்ணும் வரல" என்றார். அதற்கப்புறமும் நான் சர்க்கரை போடவில்லை. அவர் பிஸ்கட்டைப் பையில் எடுத்துப் போக ஆரம்பித்தார்.

வீட்டில் அக்கா விடவில்லை. அந்தச் சண்டை சத்தமில்லாத சண்டை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. அவங்க கண்டுபிடிச்சு இறக்கறதுக்கு முன்னாடி நீங்களா இறங்குங்க."

"இறங்கி?"

"கேட்டுல நில்லுங்க. என்ன இப்ப?"

"நீ வந்து பாப்பியா, நான் தடியோட நிக்கறத?"

"தினம் வந்து பாப்பேன். உக்காந்துக்கிட்டே செத்தீங்கன்னா எங்க வந்து பாக்கறது?"

அவர் சாப்பாட்டைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

பரிசோதனைக்கு முந்திய வாரம் அவர் செய்ததுதான் யார்டில் எல்லோரும் செய்வது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். பகலில் பாதி. மாலையில் பைக்கை வீட்டில் போட்டுவிட்டு வியர்க்க வியர்க்க நடந்தார். ரத்தம் எடுக்கிற அன்றைக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை சரியாக வந்துவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை என்பது அங்கே வழிவழியாக வந்த வித்தை. அவருக்கும் சரியாகவே வந்தது. சீட்டைப் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அக்காவிடம் நீட்டினார். ஆனால் இந்த முறை ரத்தம் எடுத்த பெண் இன்னொரு குப்பியிலும் எடுத்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, கடந்த மூன்று மாசமும் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை இது காட்டிக் கொடுத்துவிடும், முடிவு வர நாலைந்து நாள் ஆகும் என்றாளாம். அதைச் சொல்லும்போது மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த நாலைந்து நாளும் எனக்கு இரண்டு மனசு. அவர் தேறவும் வேண்டும், தேறாமல் இறங்கவும் வேண்டும். முடிவு வந்து அவரை இறக்கிவிட்டால் அக்கா தூங்குவாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. பட்டினி கிடந்த வாரத்துக்கும் சேர்த்து அவர் சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

முடிவு வருவதற்குள் அந்த நாள் வந்துவிட்டது.

நல்ல வெயில். பதினொரு மணி டீக்கு மணி அடிக்கவில்லை. நான் கெட்டிலை அடுப்பிலேயே வைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். செருப்பு இரண்டும் தெரிந்தன. ஒன்று பெடலில் இல்லை, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கொக்கிக்காரர் ஒரு காயிலை மாட்டிக் கையைத் தூக்கினார். காயில் தரையை விட்டுக் கிளம்பியது. கிளம்பியதும் ஆடியது.

கொஞ்சம்தான். வேறு யார் கிரேனில் ஆடியிருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். கொக்கிக்காரர் கவனிக்கவில்லை, அடுத்த லாரியைப் பார்த்துத் திரும்பியிருந்தார். நான் வெளியே வந்து கயிற்றை ஒருமுறை இழுத்தேன். டீ வேண்டுமா என்று. பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். காயில் லாரிப் பாதைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அங்கே டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

போன் செய்தேன். எடுத்தார். மூச்சுதான் முதலில் கேட்டது.

"ஒண்ணுமில்ல. கேஸு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, ஃபேன் சரியில்ல போல." நிறுத்தினார். "சோடா இருந்தா கட்டி அனுப்பு."

"நெஞ்சு வலிக்குதா மாமா?"

"வலியே இல்ல. தாடைதான் ஒரு மாதிரி பிடிக்குது."

சோடா பாட்டில் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாளியும் இருந்தது. டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. மறுபடியும் கயிற்றைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, டீக்கு, தண்ணீருக்கு, சாப்பாட்டுக்கு எல்லாம் இழுப்பு வைத்திருந்தோம். கீழே வா என்பதற்கு ஒன்றும் வைக்கவில்லை.

ஓடிப்போய்க் கொக்கிக்காரரின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். நான் தொட்டதிலேயே அவர் பயந்துவிட்டார். மாமாவுக்கு உடம்பு சரியில்லை, ஆட்களை விலக்குங்கள், காயிலை இறக்கச் சொல்லுங்கள் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் விசில் ஊதி டிரைவர்களை விரட்டினார். பிறகு மேலே பார்த்து இரண்டு கையையும் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினார்.

காயில் பாதைக்கு மேலே நின்றது. எங்கள் எல்லோருடைய கண்ணும் அதில் இருந்தது. நின்ற இடத்திலேயே இறக்கியிருக்கலாம், தார் பெயர்ந்திருக்கும், அவ்வளவுதான். அவர் இறக்கவில்லை. ஆட்டம் அடங்கும் வரை காத்திருந்தார். அப்புறம் மெல்ல மெல்ல அதை அடுக்கின் பக்கம் கொண்டுபோனார். நின்றார். மறுபடி நகர்த்தினார். கொக்கிக்காரர், "போட்டுத் தொலைங்கண்ணே, போட்டுத் தொலைங்க" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். காயில் மரக்கட்டை மேல் உட்கார்ந்தது. கட்டை சத்தம் போடவில்லை. கொக்கி தளர்ந்ததும் கண்ணாடியில் ஒரு கை பதிந்து, வழுக்கி, மறைந்தது.

மேனேஜர் வெளியே வந்தார். என்னவென்று கேட்டுக்கொண்டு, மெதுவாக இறங்கி வரச் சொல்லுங்கள், ஆபீஸ் அறையில் படுக்கட்டும் என்றார். கொக்கிக்காரர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டிருந்தார். போனில் இருந்தவர்கள் நோயாளியை ஒரு அடி நடக்கவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அதைக் கேட்காமல் மேலே பார்த்துக் கையசைத்தார்.

"ஏணியில இறக்காதீங்க" என்றேன். "இறங்கினா செத்துருவாரு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். கேண்டீன் பெண்ணுக்குக் குரல் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அதற்குள் யாரோ ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் நிற்கிற அண்ணன். விசில் சத்தம் கேட்டுத் தடியைப் போட்டுவிட்டு யார்டின் நீளம் முழுக்க ஓடி வந்திருந்தார். ஏணியில் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு வருஷமாக நாய் விரட்டிய கால். கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தலையை வெளியே நீட்டி, "முழிச்சிருக்காரு. பல்பு மாத்தற வண்டியக் கொண்டாங்க" என்று கத்தினார். விளக்குக் கம்பத்தில் வேலை செய்ய ஆளைத் தூக்குகிற மேடை வண்டி ஒன்று யார்டின் கோடியில் இருந்தது. அது வந்து சேர்கிற வரை அவர் மாமாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. செருப்புகள் நான்கு.

மேடை இறங்கியபோது மாமாவின் முகம் சாம்பல் பூசியது போல இருந்தது. பக்கத்தில் போனேன். "வழியில வெச்சுடலையே?" என்று கேட்டார். காயிலைத்தான்.

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. கம்பி வலை வைத்துத் திறந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் ஆரம்பித்தார், அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மறுநாள் யார்டிலிருந்து அந்த முடிவு வந்தது. மூன்று மாசமும் சர்க்கரை எகிறித்தான் இருந்திருக்கிறது. கிரேன் வேலைக்குத் தகுதியில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாமா அதைப் படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை ஆரஞ்சுத் தோல் போட்டு வைக்க எடுத்துக்கொண்டாள்.

உடம்பு தேறித் திரும்பி வந்தபோது அவரைக் கேட்டில் போடவில்லை. கொக்கிக்காரரோடு தரையில் நின்று சைகை காட்டும் வேலை. நாள் முழுக்க லாரிக்கும் அடுக்குக்கும் நடக்க வேண்டும். மேலே புதிதாக ஒரு தம்பி வந்திருந்தான். மெலிந்த பையன், நல்லவன். மாமா அவனுக்குக் கை காட்டும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் சுமை ஆடினால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மதியம் சாப்பிட்டுவிட்டு ஏணிக்கருகில் போய்க் கீழ்ப்படியில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அவர் அங்கே நிற்கும் வரை நான் ஜன்னலை விட்டு நகரமாட்டேன். சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கயிற்றை யாரும் கழற்றவில்லை. எப்படியோ மறந்துவிட்டோம். ஒரு நாள் காலையில் மணி ஒரு முறை அடித்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது. என் கை தானாகக் கெட்டிலுக்குப் போனது. டம்ளரில் ஊற்றி வாளியை நோக்கித் திரும்பியபோது மாமா அங்கே நின்றிருந்தார். நான் வருவதற்குள் வாளியை அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டார். பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்கவில்லை. மேலே கப்பி கீச்சிட இழுத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் சட்டைப் பையில் மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன்.

தம்பி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்னண்ணே?"

"டீ கீழ இருக்கு."

"வாளியில வைங்கண்ணே."

"வாளி ஓட்டை. இறங்கி வா."

"இறங்கி வர்றதுக்குள்ள ஆறிடும்ணே. லாரி வேற நிக்குது."

"ஆறட்டும். லாரியும் நிக்கட்டும்."

ஆபீஸ் கதவு திறந்தது. மேனேஜர் வாசலில் வந்து நின்று எங்கள் பக்கம் பார்த்தார். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான். மாமா திரும்பவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரோடு போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

மேலே கூண்டுக் கதவு திறந்தது. ஏணியில் ஒரு செருப்பு வந்தது.